தேயிலைப் பெட்டியும் சிங்கராஜ வனமும்

வல்வெட்டித்துறையிலே மரத்தைப் பற்றிப் பேசப் புகுவோர் எவரும் கப்பலிலேயே தொடங்குவர். அது நியாயமே. 1930 ஆம் ஆண்டளவில் இவ்வூர்க் கரையிலே கட்டப்பெற்று, 1938 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்த ‘அன்னபூரணி’யை அறியாத பிள்ளை இங்கு இல்லை. 89 அடி நீளமான அக்கப்பல் வேப்பமரத்தாற் கட்டப்பட்டது. அதனை விலைக்கு வாங்கிய றொபின்சன் என்னும் அமெரிக்கர், ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்று தம் மனைவியார் பெயரை அதற்குச் சூட்டினார். இவ்வரலாற்றை எம்மினும் நன்றாகச் சொல்லவல்ல பெரியோர் சங்கத்திலே பலர் உளர். ஆகவே நாம் இம்மலரிலே கப்பற்பலகையை விடுத்து, அதனினும் எளிய வேறொரு பலகையின் வரலாற்றைச் சொல்ல எண்ணினோம்.

எமது மூத்தோர் பலரின் வீட்டு மூலையிலே ஒரு தேயிலைப் பெட்டி இருந்ததுண்டு. ஓரங்களிலே தகரம் அடித்து, உள்ளே வெள்ளித்தாள் ஒட்டி, புறத்தே தோட்டத்தின் பெயரும் நிறையும் கறுப்பு மையாற் பொறித்த பெட்டி. தேயிலை போன பின்னர் பழைய கொப்பிகளும் தட்டுமுட்டுச் சாமான்களும் அதிலே குடிபுகுந்தன. அதன் பக்கப் பலகையை ஓரத்திலே உற்றுநோக்கினால் ஒன்றன்மேலொன்றாக மூன்று அடுக்குகள் தெரியும். நடுவிலுள்ள அடுக்கின் நார் மற்றை இரண்டிற்கும் குறுக்கே ஓடும். இதுவே ஒட்டுப்பலகை. பேச்சுவழக்கிலே ‘பிளைவூட்’ என்கிறோம். வாசற் கதவு, அலுமாரி, பாடசாலை மேசை, மேடைத் தட்டி என இன்று அது நுழையாத இடமில்லை. இது எவ்வாறு செய்யப்படுகிறது, இலங்கையிலே எவ்வாறு வந்தது, அதனால் ஒரு பெருங்காடு எவ்வாறு அழிவின் விளிம்பு வரை சென்று மீண்டது என்பனவே எமது பொருள்.

முதலில், நல்ல மரம் இருக்க அதனை உரித்து மீண்டும் ஒட்டுவானேன் என்ற கேள்வி எழும். மரம் வெட்டுண்ட பின்னும் சும்மா கிடப்பதில்லை. ஈரத்தைக் குடித்துப் பருக்கும், வெயிலிற் காய்ந்து ஒடுங்கும். ஆனால் எத்திசையிலும் ஒரே அளவாக ஒடுங்குவதில்லை. நாரோடிய நீளப்பாட்டிலே அது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கே குறுகும். அகலப்பாட்டிலோ நூற்றுக்கு ஐந்தாறு பங்கும் அதற்கு மேலும் ஒடுங்கும். ஓரடி அகலமான பச்சைப் பலகை நன்கு காயும்போது ஏறக்குறைய அரை அங்குலம் ஒடுங்கக்கூடும். அதனாலேயே பலகை வளைகிறது, வெடிக்கிறது, கதவு மாரியிலே இறுகிக் கோடையிலே ஆடுகிறது.

எம்மூர் மேத்திரிமார் இக்குணத்தை நன்கறிந்தவர்கள். ஏராக்கட்டையின்மேல் வங்குகளை நிறுத்திப் பலகை அடித்த பின்னர், பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள நீக்கல்களிலே பஞ்சைத் திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் பூசிக் கலப்பத்துப் பார்த்தனர். கப்பல் நீரில் இறங்கியதும் பலகைகள் ஈரம் குடித்துப் பருத்து அந்நீக்கல்களை இன்னும் இறுக்கின. மரத்தின் இயல்பைத் தடுக்காமல் அதனையே வேலை வாங்கிய திறம் அது. ஒட்டுப்பலகை செய்வோரின் வழி இதற்கு நேர்மாறானது. அவர்கள் ஓர் அடுக்கின் நாரை அடுத்த அடுக்கின் நாருக்குக் குறுக்கே வைத்து, ஒன்று அகலத்தில் அசைய முயலும்போது மற்றது தன் நீளத்தாற் பிடித்து நிறுத்துமாறு செய்கின்றனர். மரத்தைக் கொண்டே மரத்தைக் கட்டுதல் என்று இதனைச் சொல்லலாம். அடுக்குகள் மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றைப்படையாக அமைவதற்கும் காரணம் உண்டு. நடு அடுக்குக்கு இருபுறமும் இழுவிசை சமமாக இருந்தாலன்றிப் பலகை ஒருபுறம் வளைந்துவிடும்.

இனித் தொழிற்சாலைக்குள் நுழைவோம். உருண்டு நேராக வளர்ந்த மரத்தின் அடித்துண்டைத் தெரிந்து, வெந்நீரிலோ நீராவியிலோ இட்டு ஊறவைக்கின்றனர். வெந்து மெதுவான துண்டை இருமுனைகளிலும் பற்றிக் கடைசற் பொறியிலே சுழற்ற, அதன் முழு நீளத்துக்கும் அமைந்த ஒரு கத்தி மெல்ல மெல்ல உள்நோக்கி நகர்கிறது. மரம் அறுபடுவதில்லை. சுருட்டிவைத்த பாயை விரிப்பது போல ஒரே தொடர்ச்சியாக உரிந்து வருகிறது. கத்திக்கு முன்னே ஓர் அழுத்துசட்டம் மரத்தை நெருக்கிக்கொண்டு நிற்கும். அது இல்லாவிடில் தகடு கிழிந்து போகும். 60 சதமமீற்றர் விட்டமுள்ள ஒரு துண்டை, நடுவில் 15 சதமமீற்றர்த் தண்டு எஞ்சும்வரை, ஒன்றரை மில்லிமீற்றர்த் தடிப்பில் உரித்தால் ஏறக்குறைய 175 மீற்றர் நீளமான மென்தகடு கிடைக்கும் என்பதைக் கணக்குத் தெரிந்த இளைஞர்கள் தாமே சரிபார்த்துக் கொள்ளலாம்.

இங்கே எம் பனையைப் பற்றி ஒரு வார்த்தை. புறத்தே வைரமுடையதைப் புல் என்றும் அகத்தே வைரமுடையதை மரம் என்றும் தொல்காப்பியர் வகுத்தார். அவ்விலக்கணப்படி பனை புல்லினத்தைச் சேர்ந்தது. கடைசற் பொறியும் தொல்காப்பியரோடு உடன்படுகிறது. வெளியே இரும்பு போலவும் உள்ளே சோறு போலவும் இருக்கும் தண்டிலிருந்து சீரான தகடு எடுப்பது கடினம். மலேசியாவிலே எண்ணெய்ப்பனைத் தண்டை உரித்தும் ஒட்டுப்பலகை செய்கின்றனர். ஆயினும் உலகெங்கும் இத்தொழில் விரும்புவது பெரிய, உருண்ட, கணுவற்ற காட்டு மரத்தையே. இதனை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். பின்னே நாம் சொல்லப்போகும் துன்பம் யாவும் இதிலிருந்தே விளைந்தது.

உரித்த தகடுகளை அளவாக நறுக்கி, அடுப்புகளிலே காயவைத்து ஈரத்தை நூற்றுக்குப் பத்துப் பங்குக்கும் குறைவாக்குகின்றனர். உருளைகளினூடே செலுத்திப் பசை பூசிக் குறுக்கு நெடுக்காக அடுக்குகின்றனர். அடுத்து வருவதே அழுத்துபொறி. தொழிற்சாலையின் இருதயம் அதுவே.

நீரின் அழுத்தத்தால் இயங்கும் பொறிக்கு 1795 இலே காப்புரிமை பெற்றவர் யோசேப்பு பிரமா என்னும் ஆங்கிலேயர். சிறிய உருளையிலே கொடுக்கும் தள்ளுகை பெரிய உருளையிலே பன்மடங்காகி வெளிப்படும் என்ற தத்துவத்தை நாமெல்லாம் பௌதிக வகுப்பிலே படித்திருக்கிறோம். ஒட்டுப்பலகைப் பொறியிலே தடித்த உருக்குத் தட்டுகள் பல ஒன்றன்மேலொன்றாக இருக்கும். அவற்றின் வயிற்றிலே நீராவியோ சூடான எண்ணெயோ ஓடும். ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு பலகையை வைத்துக் கீழிருந்து மேலே தள்ளி நெருக்குவர். சதுர சதமமீற்றருக்குப் பத்துக் கிலோ அழுத்தம் என்று கொண்டால், எட்டடிக்கு நாலடிப் பலகை ஒன்றின்மேல் ஏறக்குறைய 300 தொன் பாரம் ஏறுகிறது! பசையின் இனத்துக்கேற்பச் சூடு நூறு பாகை தொடக்கம் நூற்றைம்பது பாகை வரை இருக்கும். சில நிமிடங்களிலே பசை இறுகிவிடும். ஆனால் பொறியைச் சட்டென்று திறந்துவிடலாகாது. பலகைக்குள்ளே அடைபட்ட நீராவி ஒரேயடியாக வெளியேற முயன்று அடுக்குகளைப் பிரித்துக் கொப்புளம் போடும். ஆதலால் அழுத்தத்தைப் படிப்படியாகத் தளர்த்துவர். வெளிவந்த பலகையின் ஓரத்தை வெட்டி முகத்தைத் தேய்த்தால் வேலை முடிந்தது.

பசையின் வரலாறு தனிக் கட்டுரைக்கு உரியது. சுருங்கச் சொன்னால், முன்னாளிலே பாலின் புரதத்தாலும் விலங்கின் இரத்தத்தாலும் சோயா மாவாலும் பசை செய்தனர். இவற்றிலே பல ஈரம்பட்டாற் கெட்டு நாறும். தேயிலையோ தன் பக்கத்திலிருக்கும் எந்த வாடையையும் உறிஞ்சிக்கொள்ளும் பண்டம். மணக்கும் பெட்டியால் ஒரு தோட்டத்தின் பெயரே கெடலாம். 1907 இலே பேக்லன்ட் என்பார் பீனோலையும் போமல்டிகைட்டையும் கொண்டு செயற்கைப் பிசினை ஆக்கினார். 1930களிலே அவ்வினப் பிசின் ஒட்டுப்பலகைக்கு வந்த பின்னரே கொதிநீரிலும் பிரியாத பலகை பெருமளவிற் சாத்தியமாயிற்று. இரண்டாம் உலகப் போரிலே மொஸ்கிற்றோ என்னும் விமானத்தின் உடலையே மரத்தகடுகளால் ஒட்டிச் செய்தனர்.

அடுக்கி ஒட்டும் எண்ணம் மட்டும் மிகப் பழையது. எகிப்தின் சக்காராவிலுள்ள படிக்கூம்பிலே, இற்றைக்கு ஏறத்தாழ 4,600 ஆண்டுகட்கு முற்பட்ட ஆறடுக்குச் சவப்பெட்டியின் துண்டு கிடைத்தது. ஆயினும் அதனை ஆலைத்தொழிலாக்கியதிலே பெரும்பங்கு, தேயிலை ஒரு செடிதானும் முளையாத குளிர்நாடாகிய எஸ்தோனியாவுக்கு உரியது. அதன் தலைநகராகிய தலினிலே லூதர் என்பவரின் ஆலை 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பூர்ச்ச மரத்தகடுகளை ஒட்டிக் கதிரைப் பலகைகளும் பின்னர் தேயிலைப் பெட்டிகளும் செய்தது. இலண்டனிலே அதன் பொருளை விற்ற கொம்பனியின் பெயர் வெனெஸ்தா. மென்தகட்டைக் குறிக்கும் ‘வெனீர்’ என்ற சொல்லும் எஸ்தோனியா என்ற பெயரும் கூடிப் பிறந்த பெயர் அது. 1907 இலே தென்துருவப் பக்கம் சென்ற சாக்கிள்ரன் தம் உணவுப் பொருள்களை வெனெஸ்தாப் பெட்டிகளிலே கொண்டுபோனார். பனிக்குடிலிலே அவர் குழுவினர் தாமே அச்சிட்ட நூலுக்கும் அப்பெட்டிப் பலகையே மட்டையாயிற்று. அமெரிக்காவிலோ 1905 ஆம் ஆண்டு போட்லன்ட் நகரக் கண்காட்சிக்காக ஒரு சிறு ஆலை, வீடு தூக்கும் யக்குகளையே அழுத்துபொறியாக வைத்து, தூரிகையாற் பசை பூசி, மூன்றடுக்குப் பலகை செய்து காட்டியது. பொறி இல்லையே என்று அவர்கள் கைகட்டி இருக்கவில்லை.

எம்நாட்டு மலைக்காட்டை வெட்டி நட்டது தேயிலை. அதனை ஏற்றுமதி செய்யவோ வெளிநாட்டுக் காட்டு மரத்தாற் பெட்டி வரவேண்டியிருந்தது. இந்த விசித்திரம் இரண்டாம் உலகப் போர் வரும்வரை எவரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை. போர் மூண்டதும் பெட்டிப் பலகை வரும் கடல்வழிகள் அடைபட்டன. தேயிலை இருந்தது, அடைக்கப் பெட்டி இல்லை! அக்காலத்திலே அரசாங்கம் அவசரமாகத் தொடங்கிய தொழிற்சாலைகள் பல. கண்ணாடி, காகிதம், உருக்கு, அசற்றிக்கமிலம் என ஒவ்வொன்றுக்கும் ஒன்று. காலியை அடுத்த கிந்தோட்டையிலே ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையும் எழுந்தது. போர் முடிந்து வெளிநாட்டுப் பொருள் மீண்டும் வரத் தொடங்கியதும் இவற்றுட் பல மூடுண்டன. கிந்தோட்டை ஆலை பிழைத்தது. தேயிலை உள்ளவரை பெட்டிக்குத் தேவை இருந்தமையே காரணம். 1950களிலே அது அரசாங்கக் கூட்டுத்தாபனமாயிற்று.

கிந்தோட்டை என்பது ஜின் கங்கை கடலோடு கலக்கும் துறை. அக்கங்கையின் வழியே மேலே ஏறினால் சிங்கராஜ வனத்தின் தெற்குப் புறத்தை அடையலாம். ஈரவலயத்திலே எஞ்சியுள்ள மழைக்காடுகளுள் தலையாயது அது. அங்குள்ள மரவினங்களிலே நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவை இலங்கையிலன்றி உலகில் வேறெங்கும் காணப்படாதவை. சிங்களத்திலே ‘ஹொர’, ‘தூன்’ என வழங்கும் நெடுமரங்கள் அந்தப் பகுதிக் காடுகளுக்குரியவை. இவற்றின் குடும்பத்துக்கு ‘இருசிறகுக் கனி’ என்ற பொருளுடைய கிரேக்கப் பெயர் உண்டு. குங்கிலியம் கசிவதும் இக்குடும்பத்து மரங்களிலிருந்தே. எம் கரையிலே கலப்பத்துக்குப் பயன்பட்டது அவற்றின் கண்ணீர் மட்டுமே. ஆலைக்கோ உடல் முழுவதும் வேண்டியிருந்தது.

1960களிலே அந்நியச் செலாவணி முட்டுப்பட்டபோது, கிந்தோட்டையினும் பன்மடங்கு பெரிய ஒட்டுப்பலகை ஆலை ஒன்றை நிறுவ அரசாங்கம் முனைந்தது. அவிசாவளை வீதியிலுள்ள கொஸ்கமவிலே, ருமேனியாவின் உதவியோடு அது எழுந்தது. அதற்கு மரம் எங்கே? 1970களின் தொடக்கத்திலே சிங்கராஜ வனத்தின் மேற்குப் பகுதியிலே வீதி வெட்டி, பொறிகளை இறக்கித் தெரிந்த மரங்களை வெட்டத் தொடங்கினர்.

இத்திட்டத்தை வகுத்தோரை மூடரென்று தள்ளிவிட நாம் விரும்பவில்லை. இறக்குமதியைக் குறைத்தல், பல நூறு பேருக்கு வேலை கொடுத்தல், உள்நாட்டுப் பொருளால் உள்நாட்டுத் தேவையை நிறைத்தல் என்பன எல்லாம் நல்ல நோக்கங்களே. எம் காங்கேசன்துறைச் சீமெந்தையும் வாழைச்சேனைக் கடதாசியையும் அதே நோக்கத்துக்காகவே போற்றினோம். பிழை வேறிடத்தில் இருந்தது. அழுத்துபொறி என்பது பெருவயிறு கொண்டது. அதனை வாங்குவதற்குக் கடன் எடுத்தாயிற்று, கொதிகலனுக்கு நெருப்பு மூட்டியாயிற்று, தொழிலாளர் வந்து நிற்கின்றனர். இனி அதற்கு நாள்தோறும் தீனி போட்டேயாக வேண்டும். எத்தனை மரம் காட்டிலே வளர்கிறது என்று கேட்டுப் பொறி வாங்குவதற்குப் பதிலாக, வாங்கிய பொறிக்கு எத்தனை மரம் வேண்டும் என்று காட்டைக் கேட்கும் நிலை வந்தது.

தெரிந்தெடுத்து வெட்டுதல் என்ற சொல்லும் கேட்க இதமானது. ஆனால் நெடுமரம் ஒன்று விழும்போது தனியே விழுவதில்லை. பக்கத்திலுள்ளவற்றையும் முறித்துக்கொண்டே விழும். அதனை இழுத்துச் செல்லும் பொறி நிலத்தை உழுது இறுக்கும். தூன் போன்ற மரங்களின் விதைகள் நெல்லைப் போலக் காயவைத்துச் சேமிக்கத் தக்கவையல்ல. விழுந்து சில நாட்களுள் முளைத்தால் உண்டு, இல்லையேல் இல்லை. முதிர்ந்த தாய்மரத்தை வெட்டியபின் அவ்விடத்துக்கு விதை எங்கிருந்து வரும்?

எதிர்ப்பு எழுந்தது. இயற்கை ஆர்வலர்களும் அறிஞர்களும் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் பேசினர். பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிமால் குணத்திலக்க, சாவித்திரி குணத்திலக்க ஆகிய தாவரவியல் அறிஞர் தம்பதியர் அக்காட்டின் மரங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, பின்வந்த ஆண்டுகளிலும் அதனைத் தம் வாழ்நாட் பணியாகவே கொண்டனர். 1977 இலே வெட்டு நிறுத்தப்பட்டது. 1978 இலே வனம் உயிர்க்கோள ஒதுக்கமாகவும், 1988 இலே 8,864 ஹெக்டயர்ப் பரப்போடு உலக மரபுரிமை இடமாகவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1990 இலே நாட்டின் இயற்கைக் காடுகள் யாவற்றிலுமே மரம் வெட்டுதல் தடுக்கப்பட்டது. இந்தியாவிலும் இதனையொத்த நிகழ்ச்சி உண்டு. 1996 டிசெம்பர் 12 ஆம் திகதி அந்நாட்டு உயர்நீதிமன்றம், அருணாசலப் பிரதேசத்தின் திராப், சாங்லாங் மாவட்டங்களிலுள்ள மரஆலைகளையும் ஒட்டுப்பலகை ஆலைகளையும் மூடுமாறு கட்டளையிட்டது. அங்கும் அசாமின் தேயிலைப் பெட்டி கதையிற் சம்பந்தப்பட்டதே.

காட்டை எதற்காக வெட்டினார்களோ அந்தப் பெட்டியே பின்னர் வழக்கொழிந்தது. இன்று தேயிலை பெரும்பாலும் பல அடுக்குக் காகிதப் பைகளிலே கப்பலேறுகிறது. கொஸ்கம ஆலையும் ஓய்ந்தது. அதன் வளவு சாலாவ இராணுவ முகாமாயிற்று. 2016 ஜூன் 5 ஆம் திகதி அங்கிருந்த ஆயுதக்களஞ்சியம் வெடித்ததைப் பத்திரிகைகளிற் படித்தோர் பலர், அது ஒருகாலத்திலே பலகை செய்த இடம் என்பதை அறிந்திரார்.

தொழில் மட்டும் சாகவில்லை. பால் வற்றி வெட்டப்படும் இறப்பர் மரம் முன்னே விறகுக்கே போனது. இப்போது அதனை அரைத்து நாராக்கிப் பிசின் கலந்து அதே வகையான சூட்டுப்பொறியிலே அழுத்திப் பலகையாக்குகின்றனர். முப்பது ஆண்டு பாலும் தந்து, பின் பலகையும் ஆகும் மரம், எப்படியும் வெட்டி மறுநடுகை செய்ய வேண்டிய மரம், எம் கருத்திலே பொறியின் வயிற்றுக்கு ஏற்ற தீனி. எம் கடற்கரையிலோ மரத்தின் இடத்தைக் கண்ணாடியிழை பிடித்துக்கொண்டது. அதுவும் அடுக்கடுக்காக விரித்துப் பிசின் ஊற்றி இறுக்குவதே. வள்ளம் செய்யும் கொட்டிலிலே நின்று பார்க்கும் இளைஞர் எவரும் அந்த ஒற்றுமையைக் காணலாம்.

சிங்கராஜத்துக்குச் செல்வோர் குடாவப் பக்கத்தால் நுழைந்து நடக்கும் அகன்ற பாதை, பலகை ஆலைக்கு மரம் இழுத்த பழைய வீதியே. இருமருங்கும் மரங்கள் எழுந்து நிழல் செய்திருக்கின்றன. உலகில் வேறெங்கும் இல்லாத நீலநிறத்து நெடுவாற்குருவி அக்கிளைகளிலே கூட்டமாகத் திரிவதைக் காணலாம். இன்னும் உள்ளே, வெட்டுப்படாத பகுதிக்குள் கால்வைத்தால் நிழல் வேறாகிறது. அங்கே ஒரு தனி மரத்தின் அடியை இருவர் கைகோத்தும் அணைக்க முடியாது.